நெடும்பயண வண்டிக்கு எந்த ஹேண்டில்பார்? உயரத்தைப் பார்க்காதீர்கள், மணிக்கட்டைப் பாருங்கள்

கேள்வி இது: "ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வைத்திருக்கிறேன். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். கோவையிலிருந்து அடிக்கடி நீண்ட தூரம் போவேன். ஒன்றரை மணி நேரம் ஓட்டியதும் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. தோள்பட்டைகளுக்கு நடுவே எரிச்சல். கடையில் உயரமான குரூசர் ஹேண்டில் போடச் சொல்கிறார்கள். போடலாமா? இல்லையென்றால் வேறு எதை வாங்குவது?"

போட வேண்டாம். உங்களுக்கு வேண்டியது, இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் குறுகலான, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உங்கள் பக்கம் நெருங்கி வரும், கைப்பிடி முனைகள் பின்பக்கமாகச் சற்றுத் திரும்பியிருக்கும் ஒரு சாதாரண 22 மில்லிமீட்டர் ஸ்டீல் ஹேண்டில்பார். உயரம் இப்போது இருப்பதே போதும், கூடினால் ஓர் அங்குலம் கூடலாம். அதையும் வாங்குவதற்கு முன்னால் காசில்லாமல் செய்து பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாக எழுதுகிறேன். வண்டி எதுவானாலும் இதே வழியில் யோசிக்கலாம்.

எந்த விரல் மரத்துப்போகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பக்கத்துக்கும் உணர்ச்சி தருவது அல்நர் நரம்பு. முழங்கை எங்காவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்கிறதே, அதே நரம்புதான். அது உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கத்து மேட்டை ஒட்டி, அதிக ஆழமில்லாமல் ஓடுகிறது. ஹேண்டில் தூரமாகவோ தாழ்வாகவோ இருந்தால் உடம்பின் எடை கைகளில் விழும். கைப்பிடியும் நேராக இருந்துவிட்டால் அந்த எடை சரியாக இந்த மேட்டில் போய் உட்காரும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். தோள்பட்டை நடுவில் எரிவதும் இதோடு ஒத்துப்போகிறது. கைகளை அகலமாக விரித்து, எட்டிப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறீர்கள்.

மரத்துப்போவது கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் என்றால் கதை வேறு. அது மீடியன் நரம்பு. மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய வழியாக, விரல்களை மடக்கும் தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கியே இருந்தால் அந்த வழியில் அழுத்தம் ஏறும். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஹேண்டில்பாரே அல்ல, பிரேக், கிளட்ச் லீவர்கள் மேல்நோக்கி இருப்பதுதான். இரண்டு கைகளிலும் எல்லா விரல்களும் ஒரே மாதிரி கூச்சமெடுத்தால் அது எஞ்சின் அதிர்வு. கழுத்து வலி என்றால் ஹெல்மெட்டில் மோதும் காற்றையும் சந்தேகப்பட வேண்டும். வலது மணிக்கட்டு மட்டும் வலித்தால் ஆக்சிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை விட்டு இறங்கிய பிறகும், ராத்திரி தூக்கத்திலும் மரத்துப்போவது தொடர்ந்தால் மெக்கானிக்கை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இப்போது அந்தக் குரூசர் ஹேண்டில். கடையில் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தால் அது சுகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே காற்று இல்லை. 90 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தால் மார்பு பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். பின்னால் தள்ளப்படாமல் இருக்க ஹேண்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓட்டுவீர்கள். ஒரு மணி நேரம் இழுத்தால் முன்னங்கை வலிக்கும். அதைவிட மோசம், அந்த இழுப்பு ஹேண்டில் வழியாகவே முன்சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது, வண்டி நெளிய ஆரம்பிக்கும். கைகள் நெஞ்சுக்கு மேலே தூக்கிய நிலையில் இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து அதுவும் மரத்துப்போகும். முதுகு செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு குழியின் அடியும் இடுப்பில் தொடங்கி நேராக மேலே ஏறும். கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தால் இடுப்பு மூட்டு அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்.

குரூசர் வண்டிகளில் அந்த ஹேண்டில் ஏன் பொருந்துகிறது என்றால் ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருக்கிறது, சீட் தாழ்ந்து முதுகைப் பின்னால் தாங்குகிறது, பலவற்றில் காற்றை மறைக்கும் பெரிய முன்கண்ணாடியும் உண்டு. இன்டர்செப்டரில் கால்கள் உடம்புக்கு நேர் கீழே இருக்கின்றன, சீட் தட்டையானது, முன்னால் மறைப்பு எதுவும் இல்லை. சீட், ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி மூன்றும் சேர்ந்த முக்கோணத்தில் ஒரு மூலையை மட்டும் வேறு வண்டியிலிருந்து கொண்டுவந்து வைத்தால் மற்ற இரண்டும் இடிக்கும்.

பலரும் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முன்கண்ணாடி போட்டிருக்கிறீர்களா, போடப்போகிறீர்களா? கண்ணாடி இல்லாத வண்டியில், வேகம் எடுத்ததும் எதிர்க்காற்று மார்பைக் கொஞ்சம் தாங்கும். லேசாக முன்னால் சாய்ந்திருந்தாலும் கையில் எடை விழாது. உயரமான கண்ணாடி மாட்டியதும் அந்தத் தாங்கல் போய்விடும், அந்த எடை கைக்கு வரும். நேற்று வரை நன்றாக இருந்த ஹேண்டில், கண்ணாடி மாட்டிய பிறகு மணிக்கட்டை வலிக்கவைப்பது இதனால்தான். கண்ணாடி வேண்டுமென்றால் முதலில் அதைப் போடுங்கள், ஓட்டுங்கள், அப்புறம் ஹேண்டிலை முடிவு செய்யுங்கள். கண்ணாடி போட்டவருக்கு ஓரிரு அங்குலம் கூடுதல் உயரம் உண்மையிலேயே நியாயமானது.

சரி, காசில்லாத வேலை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்டிலை நடுவில் கவ்விப் பிடிக்கும் கிளாம்பின் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, ஹேண்டிலை உங்கள் பக்கம் ஒரு சில டிகிரி திருப்பிப் பாருங்கள். கைப்பிடி நெருங்கி வரும். ஆனால் அதிகம் திருப்பினால் கைப்பிடியின் வெளிமுனை கீழே தொங்கும், மணிக்கட்டு கோணலாகும். அதனால் கொஞ்சம்தான். அடுத்து லீவர்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, விரல்களை லீவர்மேல் நீட்டிப் பாருங்கள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகள் ஷோரூமிலிருந்து வரும்போது லீவர் இதைவிட மேலே தூக்கியிருக்கும். கீழே இறக்குங்கள். பிரேக் ஆயில் டப்பா மட்டும் ரொம்பச் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆயில் குறையும்போது காற்று உள்ளே போகும். கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களுக்கு எண்ணெய் விடுங்கள். ஆக்சிலேட்டரைப் பிடிக்கும் விதத்தையும் மாற்றிப் பாருங்கள்: மணிக்கட்டைச் சற்று உயர்த்தி வைத்துப் பிடித்து அப்புறம் முறுக்கினால், ஓடும் வேகத்தில் மணிக்கட்டு நேராக வந்து நிற்கும். முழங்கால்களால் டேங்கை லேசாகப் பிடித்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்குங்கள். ஓட்டும்போது கைப்பிடிமேல் விரல்களைத் தாராளமாக அசைக்க முடிந்தால் எடை கையில் இல்லை என்று அர்த்தம். இதைச் செய்த பலருக்கு ஹேண்டில் மாற்றும் தேவையே வருவதில்லை.

அதற்குப் பிறகும் மரத்துப்போனால் அளவெடுங்கள். எனக்குத் தெரிந்ததில் மிக நம்பகமான வழி இது. வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்கட்டும். வழக்கமான ஜாக்கெட், ஹெல்மெட்டோடு உட்காருங்கள். இரண்டு கைகளிலும் கைக்கொரு நீளமான பேனாவைக் கைப்பிடியைப் பிடிப்பது போல முஷ்டியில் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடுங்கள். ஹேண்டிலை மறந்துவிட்டு, தோள்களைத் தளரவிட்டு, முழங்கை லேசாக மடங்கிய நிலையில் கைகள் தாமாக எங்கே நிற்க விரும்புகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். கூட இருப்பவர் மேலிருந்து ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கட்டும். அப்படியே டேப்பால் மூன்று தூரங்களை அளக்கட்டும்: பேனாக்களின் வெளிமுனைகளுக்கு இடையே எவ்வளவு, இப்போதைய கைப்பிடியைவிட எவ்வளவு மேலே, எவ்வளவு பின்னால். கொஞ்சம் நடந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து அளந்தால் அளவு உறுதிப்படும்.

மேலிருந்து எடுத்த போட்டோவில் பேனாக்கள் ஒரே நேர்கோட்டில் இருக்காது. உள்முனைகள் முன்னாலும் வெளிமுனைகள் உங்கள் பக்கமாகவும் திரும்பியிருக்கும், வெளிமுனை லேசாகத் தாழ்ந்தும் இருக்கும். அந்தக் கோணத்தில் கைப்பிடி இருந்தால் எடை உள்ளங்கை முழுவதும் பரவும். நீங்கள் தேடும் ஹேண்டிலில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோணம்தான். உயரத்தை ரைசர் (ஹேண்டிலைத் தூக்கிவைக்கும் துண்டு) வைத்து ஏற்றலாம், தூரத்தைச் சற்றுச் சரிசெய்யலாம். வளைந்து வந்த குழாயின் கோணத்தை யாரும் மாற்ற முடியாது. நேரான டர்ட் பைக் ஹேண்டில் நின்றுகொண்டு, முழங்கையை வெளியே விரித்து ஓட்டுவதற்கு ஏற்றது. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும்போது மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கம் மடக்கி, எடையை அல்நர் நரம்பின்மேல் ஏற்றும்.

விற்பவர்கள் தரும் அளவுகளில் அகலம், உயரம், பின்வாங்கும் தூரம் என்று மூன்று இருக்கும். இதில் ஒருவர் குழாயின் மையத்திலிருந்து மையத்துக்கு அளப்பார், இன்னொருவர் கீழ்விளிம்பிலிருந்து மேல்விளிம்புக்கு அளப்பார். அதனால் எண்களை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. இப்போதைய ஹேண்டிலை நீங்களே அளந்து, புதியதையும் அதே முறையில் அளந்து ஒப்பிட வேண்டும். கடையில் இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கமாக வைத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியாவிட்டால் கனமான கம்பியை அதன் வளைவுக்கு வளைத்துக் கொண்டுபோங்கள்.

குழாயின் விட்டத்தில் தவறினால் எதுவும் பொருந்தாது. இன்டர்செப்டர் உட்பட நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் கைப்பிடி இடத்தில் 22 மில்லிமீட்டர். ஹார்லி வகைக் குரூசர்களில் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். உங்கள் சுவிட்ச் பெட்டியும் லீவர் கிளாம்பும் அதில் ஏறாது. அட்வென்ச்சர் வண்டிகள் பலவற்றில் வருவது நடுவில் 28.6, கைப்பிடியில் 22 என்று கூம்பிப்போகும் தடித்த ஹேண்டில். அது வேண்டுமென்றால் கிளாம்பையே மாற்ற வேண்டும். உங்கள் வேலைக்கு அது தேவையில்லை.

அகலத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அகலமான ஹேண்டில் நகரத்திலும் மண்பாதையிலும் நல்ல நெம்புகோல். நெடுஞ்சாலையில் அது கைகளை விரித்து மார்பைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், இல்லை கொல்லிமலையின் 70 வளைவுகளில் போய்ப் பாருங்கள்: ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது வெளிப்பக்கக் கை எட்டாமல் தோளை இழுக்கும். ஐந்தடி ஆறு உள்ளவருக்கு இரண்டு பக்கமும் ஓரிரு சென்டிமீட்டர் குறைந்தால் நிம்மதி தெரியும். ஆனால் இன்டர்செப்டர் 200 கிலோவைத் தாண்டும் வண்டி, ரொம்பக் குறுக்கினால் மெதுவாகத் திருப்பும்போது கை கனக்கும். இருப்பதை ரம்பத்தால் அறுத்துக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முனையில் பளு மாட்டும் அமைப்பு, கிரிப் (கைப்பிடி உறை), சுவிட்ச், லீவர் எல்லாவற்றுக்கும் நேரான பகுதி மீதி இருக்கிறதா என்று பார்க்காமல் அறுக்காதீர்கள்.

ரைசர் பற்றியும் கேட்பீர்கள். ஹேண்டிலின் வடிவம் பிடித்திருக்கிறது, அளவில் மட்டும் குறை என்றால் ரைசரே போதும். மேலே தூக்குவதோடு பின்னாலும் தள்ளும் வகை கிடைக்கிறது, அதுதான் உபயோகம். வெறும் உயரம் மட்டும் ஏற்றுவது தூரத்தைக் குறைக்காது. உங்கள் விஷயத்தில் கோணமும் அகலமும் சேர்ந்த பிரச்சினை என்பதால் ரைசரை இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

ஹேண்டில் இடம் மாறினால் கூடவே இழுபடுபவை கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், முன்பிரேக் ஹோஸ், சுவிட்ச் வயர்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை வழக்கமாக வழித்தடத்தை மாற்றியே சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் நீளமான கேபிளும் ஹோஸும் வேண்டும். குரூசர் ஹேண்டிலின் உண்மையான விலை அங்கேதான் ஏறும். ஏபிஎஸ் வண்டியில் லீவரிலிருந்து வரும் ஹோஸ் நேராகச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் காலிப்பருக்குப் போகாமல் ஏபிஎஸ் யூனிட்டுக்குப் போகிறது, அதனால் நீட்ட வேண்டியது மேல்பாகத்தை. மாற்றினால் ஹோஸுக்குள் புகுந்த காற்றை முழுவதும் எடுத்தாக வேண்டும், அந்த அனுபவம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். பிரேக் ஆயில் பெட்ரோல் டேங்கின் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் போய்விடும், துணி போட்டு மூடச் சொல்லுங்கள்.

உலோகத்தில், நெடும்பயணத்துக்கு நான் ஸ்டீலையே சொல்வேன். கீழே விழுந்தால் ஸ்டீல் வளையும், வளைந்தபடி மெதுவாக அடுத்த ஊர் போய்ச் சேரலாம். அலுமினியம் எடை குறைவு, நல்ல தரமானது மிக உறுதியானதும்கூட. ஆனால் ஒருமுறை வளைந்ததை நிமிர்த்தினால் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. ஆழமான கீறலிலிருந்தும் விரிசல் தொடங்கும், துளை போடவே கூடாது. அலுமினியக் குழாயின் உள்விட்டமும் பெரும்பாலும் சிறியது, பழைய முனைப்பளு உள்ளே போகாது. அந்தப் பளு அழகுக்கு வைத்ததல்ல, ஹேண்டிலின் அதிர்வைக் குறைக்க வைத்தது. புதிய ஹேண்டிலில் அதை விட்டுவிட்டால், வடிவம் சரியாக இருந்தும் கை கூசும். விலை குறைந்த, பெயர் தெரியாத ஸ்டீல் ஹேண்டில்களில் குறுக்குக் கம்பியின் வெல்டிங்கையும், கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் சொரசொரப்பு வெட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் பலமாக பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் கிளாம்புக்குள் சுழன்றுவிடும் அபாயம் உண்டு.

கிரிப் விஷயத்தில், தடித்த ஸ்பாஞ்ச் கிரிப் எல்லோருக்கும் நல்லதல்ல. கை சிறியதாக இருந்தால் விரல் முழுதாகச் சுற்றாது, பிடித்துக்கொள்ளவே கூடுதல் பலம் போகும்.

பொருத்தும்போது சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை இருக்கும், பழைய ஹேண்டிலில் அதற்கு ஒரு துளை இருக்கும். புதியதில் துளை இல்லாவிட்டால், எல்லா இடங்களையும் தற்காலிகமாகப் பொருத்தி, உட்கார்ந்து பார்த்து, லீவர், சுவிட்ச் கோணம் முடிவான பிறகே குறியிட்டு ஸ்டீலில் துளை போட வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே போட்டுவிட்டால் சுவிட்ச் அந்தக் கோணத்திலேயே நின்றுவிடும். ஆக்சிலேட்டர் கிரிப்புக்கும் முனைப்பளுவுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். உரசினால் ஆக்சிலேட்டர் திரும்பி வராது. கிளாம்ப் மூடியில் புள்ளியோ அம்போ இருந்தால் அது முன்பக்கம் வர வேண்டும். போல்ட்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதையே பின்பற்றுங்கள், டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியதும், எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறினாலும் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது, அந்த நிலையில் ஓட்டக் கூடாது. யூ-டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாயும். லீவர், சுவிட்ச், உங்கள் விரல் எதுவும் டேங்கில் நசுங்கக் கூடாது. பின்னால் அதிகம் வரும் ஹேண்டிலில் இது அடிக்கடி நடக்கும், முழங்காலிலும் இடிக்கும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. தோற்றத்தையே மாற்றும் ராட்சத ஹேண்டில்களைச் சாலையில் நிறுத்திக் கேட்பார்கள். நான் சொல்லும் அளவில் மாற்றினாலும், வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் சர்வீஸ் சென்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பழைய ஹேண்டிலைத் தூக்கிப் போடாதீர்கள்.

மாட்டிய அன்றே தூரப் பயணம் கிளம்ப வேண்டாம். கிளாம்பிலும் ஹேண்டிலிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், எவ்வளவு திருப்பினீர்கள் என்று பின்னால் தெரியும். வழக்கமாக எந்த நேரத்தில் விரல் மரத்துப்போகுமோ, அதைத் தாண்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பத்து நிமிட ஓட்டத்தில் எந்த ஹேண்டிலும் நன்றாகத்தான் இருக்கும். சுண்டுவிரல் இன்னும் மரத்தால் சற்று உங்கள் பக்கம் திருப்புங்கள், கட்டைவிரல் பக்கம் மரத்தால் லீவரைக் கொஞ்சம் இறக்குங்கள், ஒரு முறைக்கு ஒன்றை மட்டும். திரும்பி வந்ததும் கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள்.